பாதம் தாழ்ந்ததன்று



பாதத்தில் பிறந்தவன் சூத்திரன் என்று எழுதி வைத்தவர்கள், நம்மை அப்பாதத்திற்கும் கீழே தள்ளினார்கள். அந்தப் பாதத்தைப் பற்றி உடற்கூற்றியல் கூறுவதைக் காண்போம்.

ஒரு பாதத்தில் எலும்புகள் 26. உள்ளங்காலில் சிறு தசைகள் 4 அடுக்குகளாக அமைந்துள்ளன. கெண்டைக்கால் தசைகள் குதிநாணை இழுத்துக் குதிகாலை உயர்த்துகின்றன; உடலின் தசைநாண்களில் மிகத் தடித்தது அதுவே. உட்கணுக்காலின் பின்புறமாகத் தசைநாண்களும் தமனியும் நரம்பும் சேர்ந்து உள்ளங்காலுக்கு இறங்குகின்றன. உள்ளங்காலுக்கு உணர்ச்சி தருவது அந்நரம்பு.

தொழுநோயும் நீரிழிவும் அந்நரம்பைக் கெடுக்கக்கூடும். கெட்டபின் முள் தைத்தாலும் வலிக்காது; நெருப்புச் சுட்டாலும் தெரியாது. கவனியாத காயம் புண்ணாகிப் பாதத்தையே அழிக்கிறது. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் இவ்வுண்மையை வலியுறுத்தினார். தொய்ந்து தொங்கிய பாதங்களைத் தசைநாண் மாற்றுச் சிகிச்சையால் நிமிர்த்தினார். உணர்விழந்த பாதங்களுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்புகளைச் செய்வித்தார்.

ஆகவே செருப்பு ஆடம்பரமன்று, பாதத்தின் காவல். செருப்புத் தைத்தவர்கள் நம் முன்னோரில் பலர். அதை அணிந்து ஊர்த்தெருவில் நடக்க அவர்களுக்கே தடை விதித்தார்கள். அது மானத்திற்கு மட்டுமன்று, உடலுக்கும் இழைத்த கொடுமை.

இளைஞர்களே! நீரிழிவுற்ற பெற்றோரின் உள்ளங்காலை நாள்தோறும் வெளிச்சத்தில் பாருங்கள். புண்ணோ, உணர்வற்ற இடமோ கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்களில் சிலரேனும் மருத்துவம் பயின்று, நம் தெருவிற்கே திரும்பி வர வேண்டுமென விழைகிறோம்.