மாம்பழ வாசனை அடிக்கிற வானக்கப்பல்

இந்த எபிசோடுல ஒரு ஸ்டீம்பங்க் நாவல். கனடா எழுத்தாளர் கென்னத் ஆப்பெல் 2004ல எழுதின ‘ஏர்பார்ன்’. ஸ்டீம்பங்க்னா, நீராவிக் காலத்து டெக்னாலஜி வேற ரூட்ல வளர்ந்திருந்தா உலகம் எப்படி இருந்திருக்கும்னு யோசிக்கிற கற்பனை. இந்த உலகத்துல கடல் தாண்டணும்னா வானக்கப்பல்தான்.

ஹீரோ மேட் க்ரூஸ், 15 வயசு. ‘அரோரா’ங்கிற கப்பல்ல எடுபிடி வேலை பார்க்கிற கேபின் பாய். அவன் அப்பாவும் இதே கப்பல்லதான் வேலை பார்த்தார், மேலிருந்து விழுந்து செத்துப்போனார். பையன் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புறான். அடுத்த பதவி அவனுக்குத்தான்னு எல்லாரும் நினைக்கும்போது, அந்த இடம் முதலாளி மகனுக்குப் போயிடுது. அப்புறம் கொள்ளைக்காரங்க, தனித்தீவு, விசித்திர மிருகம்னு கதை பறக்குது. கப்பலைத் தூக்குற கற்பனை வாயு ‘ஹைட்ரியம்’ மாம்பழம் மாதிரி மணக்கும். கசிஞ்சா மூக்கே சொல்லிடும்.

நான் வெம்பக்கோட்டைக்காரன். எங்க பக்கம் மருந்து வாசனை தெரியாத மூக்கு கிடையாது. அப்பா இறந்த வெடி ஆபீஸுக்கே பிள்ளை வேலைக்குப் போறது எங்களுக்குப் புதுக்கதை இல்ல. ஆனா மேட் அந்தக் கப்பலை நேசிக்கிறான். இங்க பலர் போறது கடனுக்காக, வாரச் சம்பளத்துக்காக. அந்த வித்தியாசம்தான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சது.

நிஜ வரலாற்றையும் பாருங்க. 1937 மே 6, அமெரிக்காவுல லேக்ஹர்ஸ்ட்ல ஹைட்ரஜன் நிரப்பின ஹிண்டன்பர்க் எரிஞ்சு 36 பேர் இறந்தாங்க. கேமரா முன்னாடியே நடந்த விபத்து அது. வானக்கப்பல்ல ஏற ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கை அன்னைக்கே போச்சு. 2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கம் முதலிப்பட்டி வெடி விபத்துல 35 பேருக்கு மேல இறந்தாங்க. அதுக்குப் பிறகும் விபத்துகள் தொடருது. அங்க பயந்தது டிக்கெட் வாங்கின பயணிகள். அவங்க ஏறலைன்னா கப்பல் நிக்கும். இங்க பயந்தாலும் மறுநாள் வேலைக்குப் போகணும்.

இதெல்லாம் நாவல் பேசல. அது ஜாலியான சாகசக் கதைதான், நான் ரெண்டே ராத்திரியில முடிச்சேன். ஆனா கப்பலோட ஒவ்வொரு மூலையும் தெரிஞ்சவன் முதலாளி மகன் இல்ல, எடுபிடிப் பையன்தான்னு அழுத்தமா காட்டுது. மருந்து கலக்குறவங்களுக்குத் தெரிஞ்ச ஆபத்தை அவங்ககிட்டயே கேட்கலாமேன்னு எனக்குத் தோணுச்சு.

படிச்சுட்டு உங்களுக்கு என்ன தோணுச்சுன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!