கவ்வாத்து வெட்டின மலை

(தோட்டத்து ஆலயத்தில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை)



போன கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு அக்கா எங்களிடம் கேட்டார்: "ஐயா, தவக்காலம் நாப்பது நாளும் உபவாசம் இருந்தேன். ஜெபம் பண்ணுனா வார்த்தையே வர மாட்டேங்குது. மனசு காஞ்சு கெடக்கு. ஆண்டவரு நம்மள விட்டுட்டாரோ?" அந்த இடத்தில் எங்களுக்குப் பதில் வரவில்லை. தராசைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இன்றைய பேச்சு அந்த அக்காவுக்குத்தான். வேறு சமயத்தவர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். இந்த வரட்சி உங்களுக்கும் தெரியாததல்ல.

இயேசுநாதர் விசுவாச வாழ்வைத் திராட்சைக் கொடிக்கு ஒப்பிட்டார். கனி கொடுக்கிற கொடியையும் தோட்டக்காரன் வெட்டுவான் என்றார். திராட்சைத் தோட்டத்தை நம்மில் எத்தனை பேர் கண்டோம்? ஆனால் கவ்வாத்து நமக்குத் தெரியும். வெட்டின மலையைப் பாருங்கள், வெறும் குச்சி. கொஞ்ச காலத்துக்குப் பச்சையே இராது. செடி செத்துவிட்டதா? இல்லை, வேரில் சேர்த்து வைத்த மாச்சத்தைக் கொண்டு உள்ளே வேலை நடக்குது. அந்தச் சேமிப்பு இல்லாத செடிதான் கவ்வாத்தோடு பட்டுப்போகும். ஆகவே, நல்ல நாளில் செய்யும் சின்ன ஜெபத்தை லேசாக நினைக்காதீர்கள். அது வேருக்குப் போகிறது.

நாங்கள் பிறந்தது கல்முனைப் பக்கம். பள்ளிவாசல் வாங்கும் கோயில் மணியும் கேட்டு வளர்ந்தோம். எங்கட சபைக்கு மூலமாக இருந்தவர் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த போதகர். 1814இல் கப்பலில் வரும்போதே மனைவியைக் கடலுக்குக் கொடுத்தார். கூட்டிவந்த தலைவர் தோமஸ் கோக்கும் அதே கடலில் இறந்தார். மட்டக்களப்புக்குத் தனியாளாக வந்து, தமிழ் படித்து, பள்ளிக்கூடம் தொடங்கினார். ஒரு வருஷம் ஆகுமுன்னே, 1815 ஏப்ரல் 1இல் அவரும் போய்விட்டார். கணக்கப்பிள்ளை இந்தக் கணக்கைப் பார்த்தால் நட்டம் என்றுதான் எழுதுவார்! ஆனால் அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றும் நடக்குது. பின்வந்த மெதடிஸ்தர் கல்முனையிலும் பாடசாலை வைத்தார்கள். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அங்கே படித்தவர்தான். அவர் கிறிஸ்தவராகவில்லை, இராமகிருஷ்ண மிஷன் துறவியாகி, தானும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார். இந்தக் கனியை எந்தச் சபைக் கணக்கில் எழுதுவது? எழுதத் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம்.

இனி எங்கட வீட்டுக் கதை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர் போனது அம்பாறைக் கரையில்தான். எங்கட பெரியம்மாவின் மகன் பெண்சாதியையும் பிள்ளையையும் பறிகொடுத்தார். ஒரு வருஷம் அவர் ஜெபிக்கவில்லை. பைபிளைத் தொடவில்லை. "கேட்க ஒன்றுமில்லைடா" என்பார். செய்தது ஒரே வேலை. விடிய எழும்பி, முகாமில் இருந்த வயசாளிகளுக்குத் தண்ணீர் சுமந்து கொடுப்பார். பக்கத்துத் தெரு முஸ்லிம் நானா ஒருவர் ஜும்மா முடிய வந்து, ஒன்றும் பேசாமல் அவர் பக்கத்தில் இருந்துவிட்டுப் போவார். அவரும் மகளை இழந்தவர். போதகரும் வருவார், ஆனால் அவர் கொஞ்சம் கூடப் பேசிவிடுவார், பாவம்.

அண்ணனிடம் பிறகு ஒருநாள் கேட்டோம், அந்த வருஷம் விசுவாசம் இருந்ததா என்று. "தெரியாது. வாளியைத் தூக்கேக்க யாரோ மற்றப் பக்கம் பிடிக்கிற மாதிரி இருக்கும்" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

இப்பவும் அவர் பாட்டு எடுக்கமாட்டார், சாட்சி சொல்லமாட்டார். கடைசி வாங்கில்தான் இருப்பார். ஆனால் ஞாயிறு ஆராதனைக்கு முந்தி ஆலயத்துத் தண்ணீர்க் குடம் நிரம்பியிருக்கும். அதை வேறு யாரும் தொட விடமாட்டார்.