கடனை அடைக்கும் வழி: உடலும் மனமும் கெடாமல்

(உழவர் பயிற்சி வகுப்பில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



விதையளவு, களை நிர்வாகம், நீர்ப் பாய்ச்சல் ஆகியவற்றைப் பற்றியே நான் உங்களிடம் பேசுவது வழக்கம். இன்று கடனைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் உண்டு. வயல்களைப் பார்க்கப் போகும்போது, "மேலுரத்தை ஏன் காலத்தில் இடவில்லை?" என்று கேட்டால், "அன்றைக்கு வெளிவேலைக்குப் போய்விட்டேன் சார், வட்டி கட்ட வேண்டியிருந்தது" என்ற பதில் வருகிறது. களை மண்டிய வயலைப் பார்த்து, இவருக்குத் தொழில் நுட்பம் தெரியவில்லை என்று நாங்கள் எண்ணிக்கொள்கிறோம். அவருக்கு எல்லாம் தெரியும். உடம்பில் தெம்பு இல்லை, மனத்தில் ஊக்கம் இல்லை. இவ்விரண்டையும் தின்றுகொண்டிருப்பது கடன். ஆகவே இதுவும் உழவியலைச் சேர்ந்த செய்தியே.

முதலில் கடனைத் தாளில் எழுதுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். கணவர் வாங்கிய கைமாற்று மனைவிக்குத் தெரியாமல் இருக்கும். மனைவி குழுவில் வாங்கி வாரத் தவணை கட்டும் கடன் முழுவதும் கணவருக்குத் தெரியாமல் இருக்கும். உரக்கடைப் பற்று இருவர் நினைவிலும் இராது. யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்த நாளில் கட்ட வேண்டும், ஈடாகக் கொடுத்தது என்ன என்ற ஐந்தையும் வரிசையாகக் குறியுங்கள். எழுதி முடித்ததும் தொகையைக் கண்டு மலைப்பு வரும். ஆனால் நடு இரவில் விழித்துக்கொண்டு மனக்கணக்குப் போடும்போது கடன் எப்போதும் இரண்டு பங்காகத் தெரியும். தாளில் அது உள்ள அளவோடு நிற்கும்.

அடுத்து, வட்டியை ஆண்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஊர் வழக்கில் "மூன்று வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆண்டுக்கு அது 36 சதவீதம். ஐந்து வட்டி 60 சதவீதம். நாம் செய்யும் எந்தப் பயிரும் ஆண்டுதோறும் தவறாமல் இந்த அளவு இலாபம் தரும் என்று என்னால் சொல்ல இயலாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒருவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் ரூ.80,000, வங்கியில் நகைக்கடன் ரூ.1,00,000, வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம். தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு ரூ.50,000; மற்றொருவரிடம் ஐந்து வட்டிக்கு ரூ.20,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ.2,50,000. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனை உரிய நாளில் கட்டினால் வட்டி இல்லை. ஆகவே முதலில் சொன்ன இரண்டு கடன்களும் சேர்ந்து ரூ.1,80,000 ஆனாலும் ஆண்டு வட்டி ரூ.9,000 மட்டுமே. கடைசி இரண்டும் ரூ.70,000தான், அவற்றுக்கு வட்டி ஆண்டுக்கு ரூ.30,000. குடும்பத்தை உறிஞ்சுவது எது என்று இப்போது தெரிகிறதல்லவா?

அறுவடை முடிந்து, பயிர்க்கடன் தவணைக்கு ஒதுக்கியது போக அவர் கையில் ரூ.40,000 மிஞ்சுகிறது. நம்மில் பலர் என்ன செய்வோம்? நகையில் பாதியையாவது மீட்கப் போவோம். வெறுங்கழுத்தோடு மனைவியைக் கலியாண வீட்டுக்கு அழைத்துப்போக யாருக்கும் மனம் வராது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணத்தை நகைக்கடனில் கட்டினால் மாத வட்டியில் ரூ.300 குறையும். அதையே ஐந்து வட்டிக் கடனைத் தீர்க்க ரூ.20,000, மூன்று வட்டிக் கடனின் முதலில் ரூ.20,000 என்று கட்டினால் மாத வட்டியில் ரூ.1,600 குறையும். முன்பு கட்டிவந்த அதே ரூ.2,500ஐ மாதந்தோறும் விடாமல் கட்டிவந்தால் மீதி ரூ.30,000 பதினைந்து, பதினாறு மாதங்களில் தீர்ந்துவிடும். நகைக்கு அதன் பின்னர் வருவோம். அதுவரை நகைக்கடனின் வட்டியைக் காலத்தில் கட்டிப் புதுப்பித்து வாருங்கள். விட்டுவிட்டால் ஏலத்துக்குப் போகும்.

சிலர் முதலைத் துண்டு துண்டாக வாங்க மாட்டார்கள். அப்படியானால் அத்தொகையை வீட்டில் வைக்காமல் அஞ்சலகத்திலோ வங்கியிலோ சேர்த்து மொத்தமாகக் கட்டுங்கள். கட்டிய அன்றே புரோநோட்டைத் திரும்ப வாங்குங்கள். ஒன்றும் எழுதாத தாளிலும் காசோலையிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியரிடமோ எழுத்து மூலம் முறையிடலாம்.

தள்ளுபடியைப் பற்றியும் ஒரு சொல். 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடியாயின. பலருக்கு நன்மை விளைந்தது. ஆனால் அடுத்தது வரும் என்று நம்பித் தவணையைத் தவறவிடுபவர் வட்டியில்லாச் சலுகையை இழக்கிறார், அடுத்த போகத்துக்குக் கடனும் பெற முடியாமல் மூன்று வட்டிக்காரரிடம் போகிறார். அந்த மூன்று வட்டியை எந்தத் தள்ளுபடியும் தொட்டதில்லை.

இனி உழைப்புக்கு வருவோம். கடன் ஏறியதும் நாம் முதலில் எடுக்கும் ஆயுதம் உடம்பு. பகலில் சொந்த வயல், இடையில் வெளிவேலை, இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார். ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். மாதக் கணக்கில் இப்படிச் செய்தால் அந்த உழைப்பே நட்டம் தரத் தொடங்கும். தூக்கம் கெட்டவர் மருந்தளவைத் தவறாகக் கலக்கிறார். கையுறை, முகமூடி இல்லாமல் தெளிக்கிறார். இருட்டில் ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுகிறார். சந்தை விலையை விசாரிக்கச் சோம்பி, வாசலுக்கு வந்த வியாபாரியிடம் விளைச்சலைத் தள்ளிவிடுகிறார். கூலியாக வந்த சில நூறு ரூபாயைவிட இவற்றால் போவது பெரிது.

ஆகவே உழைப்பைக் கூட்டுவதற்கு முன் வேலையைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். கடன் நெருக்கும் ஆண்டில் மூன்று ஏக்கரிலும் ஆள் அதிகம் வேண்டும் பயிரைச் செய்யத்தான் வேண்டுமா? ஓர் ஏக்கரில் உளுந்து விதைத்தால் எழுபது நாள் அளவில் கைக்கு வரும். தண்ணீரும் ஆளும் குறைவு. செம்மை நெல் சாகுபடியில் ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். கோனோவீடர் ஓட்டினால் களையெடுக்கும் கூலி மிச்சம். இலை வண்ண அட்டையைப் பார்த்துத் தழைச்சத்து இட்டால் யூரியாச் செலவு குறையும், பூச்சியும் குறையும். இரவுப் பாய்ச்சலைப் பக்கத்து வயல்காரரோடு முறை வைத்துக்கொண்டால் ஒருவர் விழித்திருக்கும் இரவில் மற்றவர் உறங்கலாம். இதற்கு ஒரு பைசாச் செலவில்லை. வரப்புத் தகராறு இருந்தால் மட்டும் நடக்காது. அதை நீங்கள்தாம் பேசித் தீர்க்க வேண்டும்.

கடைசியாக மனத்தைப் பற்றி. இதைப் பொது இடத்தில் பேச நாம் கூசுகிறோம். கவலை எல்லாருக்கும் வரும், போகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் பிடிக்கவில்லை அல்லது விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறது, சோறு இறங்கவில்லை, மாட்டைக்கூடக் கவனிக்க மனமில்லை, காரணமின்றிப் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறீர்கள், நாம் இல்லாவிட்டால் வீட்டாருக்கு நல்லது என்ற எண்ணம் எழுகிறது என்றால், அது சோம்பலும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. அது மனச்சோர்வு என்னும் நோய். மஞ்சள் காமாலைக்கு மருத்துவம் பார்ப்பது போல இதற்கும் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தேவையானால் அரசு மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். மருந்து கொடுத்தால் அதன் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நான்காம் நாளே "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். சாராயம் தூக்கத்துக்கு மருந்தன்று. அது தூக்கத்தையும் கெடுக்கும், கடனையும் ஏற்றும்.

2022ஆம் ஆண்டு முதல் 14416 என்ற தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது; எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் பேசலாம்.

இங்கு வந்திருப்பவர்களில் பலர் தமக்காக இன்றி அண்ணன், மாமன், பக்கத்து வயல்காரர் ஒருவரை நினைத்துக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அப்படி ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, டீக்கடைக்கும் வராமல், கூட்டத்திலும் தலைகாட்டாமல் இருந்தால் அவர் வீட்டுக்குப் போங்கள். அறிவுரை வேண்டாம், கடன் எவ்வளவு என்ற விசாரணையும் வேண்டாம். சாக விரும்புகிறாயா என்று கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று அஞ்சாதீர்கள், நேராகவே கேட்கலாம். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனிருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

எங்கள் துறை சார்ந்த ஒன்று மீதியிருக்கிறது. பூச்சிமருந்தை அந்தப் போகத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். மிஞ்சியதைக் குதிர் மூலையிலும் மாட்டுக்கொட்டகைக் கூரையிலும் செருகி வைக்காமல், பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். வீட்டில் யாருக்கேனும் மனம் சரியில்லாத காலத்தில் அந்தப் பெட்டியே வீட்டில் வேண்டாம். பூட்டிய பெட்டியைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, தெளிக்கும் நாளில் அவரையே தெளிக்கச் சொல்லுங்கள்.