பேர் வெட்டுறதுக்கு முந்தி
(மட்டக்களப்பு வாவிக்கரையில் மலையகக் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையை விட்டு வடக்கு கிழக்குக்கு வந்த குடும்பங்கள் பல. சொந்தபந்தம் இன்னும் லயத்தில் இருக்கிறது. அங்கே ஒருவருக்கு நோய் கண்டால், பிரட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு இங்கே மகள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். செக்ரோலில் பேர் வெட்டுப்படுகிறது. கேட்க வேண்டிய பணமும் கேட்காமலே கிடக்கிறது. அதைப் பற்றித்தான் நாங்கள் பேச வந்தோம்.

பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு கை நடுங்கும். விரல் மந்தமாகும், கொழுந்து குறையும். "சோம்பேறி" என்று ஏச்சு விழும். அது சோம்பல் இல்லீங்க. மூளையில் அசைவை நடத்தும் கலங்கள் குறைந்துகொண்டே போகும் நோய். மாத்திரை தணிக்கும், குணமாக்காது.

ஆகவே வேலையை விடுமுன் டாக்டரிடம் போங்க. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நன்றாக நடப்பவர், அது குறைந்ததும் வாசற்படி தாண்ட மாட்டார். டாக்டர் பார்ப்பது அந்த நல்ல நேரத்தை மட்டுமாக இருக்கலாம். கூச்சப்படாம கெட்ட நேரத்தையும் சொல்லுங்க. எத்தனை தரம் விழுந்தார், பொத்தான் போட யார் உதவுகிறார் என்று திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வைங்க. காரணம் நோய் என்று எழுதாத விலகல் கடிதத்தில் கைநாட்டு வைக்காதீங்க.

கேட்க வேண்டியவை மூன்று.

ஒன்று, ஊழியர் சேமலாப நிதி. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயது ஆகாவிட்டாலும், நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்ற வைத்தியச் சான்றோடு எடுக்கலாம். ஊழியர் நம்பிக்கை நிதியத்தில், வேலையில் இருக்கும்போதே நிரந்தர ஊனமானவர்களுக்குத் தனி உதவியும் உண்டு.

இரண்டு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படியான பணிக்கொடை. 5 வருடம் வேலை செய்திருந்தால் நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 20 வருடமென்றால் 280 நாள் சம்பளம்.

மூன்று, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு தரும் மாதாந்த ஊனமுற்றோர் கொடுப்பனவு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. கிராம உத்தியோகத்தரிடமும், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கேளுங்க. மகள் வீட்டுக்கு மாறினால் பதிவையும் மாற்றுங்க.

"கையேந்துறதா?" என்று சில பெரியவங்க கேட்பாங்க. சேமலாப நிதியில் 8 வீதம் உங்க சம்பளத்தில் பிடித்தது, 12 வீதம் தோட்டம் போட்டது. மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்த காசு அது. பேர் வெட்டுறதுக்கு முந்திக் கேளுங்க.