மோவாயில் முடியா? மறைக்க வேண்டாம், மருந்து உண்டு



மோவாயில் முடி, ஆறாத முகப்பரு, தலைமுடி உதிர்வு. கூடவே மாதவிலக்கும் தள்ளித் தள்ளி வருகிறதா? "எவ்வளவு மஞ்சள் தேய்ச்சும் போகலையே" என்று முந்தானையால் மூடிக்கொள்ளாதீர்கள். இது யார் செய்த பாவமும் இல்லை. பெண் உடம்பிலும் கொஞ்சம் ஆண் ஹார்மோன் உண்டு. பெரும்பாலும் சினைப்பையில் அது அதிகம் சுரப்பதால்தான் இப்படி ஆகிறது. 1935-இல் சிகாகோ டாக்டர்கள் ஸ்டெய்ன், லெவந்தால் இருவரும் இந்த நோயை விவரித்து எழுதினார்கள்.

கருத்தடை மாத்திரை அந்த ஹார்மோனைக் குறைக்கும். பரு அடங்க 3 மாதம், முடி குறைய 6 மாதமாவது ஆகும். ஆனால் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், காலில் இரத்தம் உறைந்தவர்களுக்கும் இது ஆகாது.

ஸ்பைரோனோலாக்டோன் என்று இன்னொரு மாத்திரை. அது அந்த ஹார்மோனை வேலை செய்யவிடாது. கருவில் இருப்பது ஆண் சிசுவானால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கலாம். ஆகவே இதைச் சாப்பிடும்போது கருத்தடை அவசியம். "பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டுச்சு" என்று கடையில் வாங்கிச் சாப்பிடாதீங்க. குழந்தை வேண்டுமென்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது.

கணவன்மார்களே, கேலி பண்ணாதீங்க. மேலூரோ, உசிலம்பட்டியோ, இருவரும் சேர்ந்தே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தேவைப்பட்டால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது.

மனைவியின் கூச்சம் தீர, முதல் ஆறுதல் வீட்டிலிருந்தே வரட்டும்.