குழந்தைகளின் இதயத் தசை அழற்சி: தொட்டறிய வேண்டிய நோய்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பிள்ளை பிழைத்திருந்தாலன்றோ பள்ளிக்குச் செல்லும்!

பட்டு நூலின் தரத்தை விரலால் தொட்டே சொல்லிவிடுவோர் வாழும் ஊர் ஆரணி. நான் சொல்லவந்த நோயும் தொட்டறிய வேண்டியதே. மருத்துவர்கள் இதனை மயோகார்டைட்டிஸ் என்பர். சளியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் சில வைரஸ் கிருமிகள் சில வேளைகளில் இதயத் தசையைத் தாக்கிவிடுகின்றன. தசை வீங்கித் தளர்கிறது. இரத்தத்தை உந்தித் தள்ளும் ஆற்றல் குன்றுகிறது. டெங்குவாலும் இது வரலாம். வேலூர், திருவண்ணாமலை வட்டாரங்களில் புதர்ச் சிற்றுண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலாலும் வரலாம்.

நோயின் சூழ்ச்சி யாதெனில், அது இதய நோயாகத் தோன்றுவதில்லை. சளி பிடித்த குழந்தை சில நாட்களில் தேறிவிடும் என்று நாம் எண்ணியிருக்கும்போது வாந்தி எடுக்கிறது. வயிறு வலிக்கிறது என்கிறது. கைக்குழந்தையாயின் பால் குடிக்கையில் நெற்றி வியர்த்து மூச்சு வாங்குகிறது. அசீரணம் என்றும் ஆஸ்துமா என்றும் நிமோனியா என்றும் கருதிவிடுவது எளிது. வாந்திக்காகக் குளுக்கோஸ் பாட்டிலை விரைந்து ஏற்றினால், தளர்ந்த இதயம் அந்தச் சுமையைத் தாங்காது.

அங்ஙனமாயின் எவ்வாறு கண்டறிவது? காய்ச்சல் ஒரு செல்சியஸ் பாகை கூடினால் நாடி நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 துடிப்பு கூடும். காய்ச்சல் தணிந்தும், குழந்தை உறங்கியும், நாடி ஓடிக்கொண்டே இருந்தால் ஐயுற வேண்டும். வலப்பக்க விலாவின் கீழே கை வைத்தால் வீங்கிய ஈரல் தட்டுப்படும். வயிற்றுவலிக்கு அதுவும் ஒரு காரணம். பாதம் சில்லிட்டிருக்கும், நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப 3 விநாடிக்கு மேலாகும். உண்ணிக் காய்ச்சலின் கருநிறப் பொருக்கு அக்குளிலோ தொடையிடுக்கிலோ ஒளிந்திருக்கும். ஆடையைக் களைந்தாலன்றித் தெரியாது. இவையனைத்தும் கையால் செய்யும் சோதனைகள்.

தொடாத மருத்துவம் நம்மவர்க்குப் புதிதன்று. கத்தியவாரில் தாழ்த்தப்பட்ட ஆசிரியர் ஒருவரின் மனைவி பிள்ளை பெற்ற சில நாட்களில் நோயுற்றார். மருத்துவர் சேரிக்குள் வரவில்லை. வெளியே கொணரச் செய்து, வெப்பமானியை ஒரு முஸ்லிம் அன்பர் கையில் கொடுத்து, அவர் வழியாகக் கணவர் கைக்கு அனுப்பினார். விளக்கொளியில் அதைப் பார்த்து நிமோனியா என்றார், மருந்து அனுப்பினார். அந்தத் தாய் இறந்தார். 1929 டிசம்பர் 12 ‘யங் இந்தியா’ இதழில் வந்த இக்கடிதத்தை அண்ணல் அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் நினைவுக் குறிப்பில் எடுத்தாண்டார். இன்று அவ்வாறு வெளிப்படையாகச் செய்யத் துணிவோர் அரிது. ஆயினும் கூட்டம் மிகுந்த இடத்தில் குழந்தையை ஏறிட்டும் பாராமல் காய்ச்சல் மாத்திரை எழுதித் தரப்படுவதைக் கண்டிருக்கிறேன். அப்போது, “ஐயா, வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், நாடியை எண்ணிச் சொல்லுங்கள்” என்று கேட்க நாணாதீர்கள். இது சலுகையன்று, உரிமை.

ஐயம் எழுந்தபின் ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, ட்ரோபோனின் என்னும் இரத்தச் சோதனை, எக்கோ ஆகியன வேண்டும். இவற்றுள் எதுவும் தனித்து முடிவு சொல்லாது. ஒன்று சரியாக இருப்பதால் மட்டும் நோயில்லை என்று மனநிறைவு கொள்ளலாகாது. இதயத் தசையைச் சிறிது எடுத்துச் சோதிப்பது எல்லோர்க்கும் தேவைப்படுவதன்று.

மூச்சு வாங்குதல், மயக்கம், வெளிறிய முகம், தளர்ச்சி, இவற்றில் ஒன்று கண்டாலும் காலையாகட்டும் என்று காத்திராதீர்கள். சில மணி நேரத்தில் நிலை மோசமாகும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்: ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-உம், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-உம் எட்டினால் அது மிகுதி. 108-ஐ அழையுங்கள். அடுக்கம்பாறையிலுள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 2005-இல் கல்லூரி வந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் உண்டு.

தொண்டை அடைப்பான் நோயின் நஞ்சும் இதயத் தசையைக் கெடுக்கும். தொண்டை ஆறியபின்னும் கெடுக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு. 10, 16 வயதுகளில் போடும் ஊசியை மாணவர்கள் தவறவிடுகிறீர்கள், அது தகாது.

குணமான பிள்ளையை உடனே விளையாட்டுக்கு விடாதீர்கள். மூன்று முதல் ஆறு திங்கள் வரை ஓட்டமும் கபடியும் வேண்டாம். மருத்துவர் மீண்டும் சோதித்துச் சொன்னபின் போகட்டும்.