கையும் ஹேண்டும்

கை என்பதற்கு ஆங்கிலம் என்ன என்று கேட்டால், பள்ளியில் அடியெடுத்து வைத்த பிள்ளையும் 'ஹேண்ட்' என்று சட்டெனச் சொல்லிவிடும். நாமும் நெடுங்காலம் அதை ஐயுற்றதில்லை. ஐயுறும்படி நேர்ந்தது, மும்பையில் நாம் குடியிருந்தபோது ஓர் இரவில்.

அடுத்த வீட்டு அம்மையார், தஞ்சையிலிருந்து மகனைப் பார்க்க வந்தவர். மகன் அலுவலகத்திலிருந்து திரும்பியிருக்கவில்லை. இடக்கையைப் பற்றிக்கொண்டு நம் வாயிலில் வந்து நின்று, "தம்பி, கையெல்லாம் ஒரே வலியாக இருக்கிறது" என்றார். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த இளம் மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. அம்மையாருக்கு வேறு மொழி தெரியாது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் பதவி நமக்கு வாய்த்தது. 'ஹேண்ட்' வலிக்கிறதாம் என்று தெரிவித்தோம். மருத்துவர் விரல்களை மடக்கிப் பார்த்தார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கையை ஊன்றிக் கீழே விழுந்தாரா என்று வினவினார். இல்லை என்றோம். ஏதேனும் களிம்பு எழுதித் தரலாம் என்ற நிலைக்கு அவர் வந்துவிட்டார். அம்மையார் பொறுமை இழந்து, தோளிலிருந்து முழங்கை வழியாகக் கீழே வரையில் தடவிக் காட்டினார். அதைக் கண்டதும் மருத்துவரின் முகம் மாறிற்று. உடனே ஈ.ஸி.ஜி. எடுக்க ஏற்பாடு செய்தார். மாரடைப்பு. அம்மையார் பிழைத்துக்கொண்டார். ஆயினும் கால்மணி நேரம் வீணாயிற்று. அது நம் மொழிபெயர்ப்பால் வீணானது.

தமிழில் கை என்பது தோள்மூட்டில் தொடங்கி விரல்நுனியில் முடிகிறது. ஆங்கிலேயருடைய 'ஹேண்ட்' மணிக்கட்டோடு நின்றுவிடும். அதற்கு மேலே உள்ளது 'ஆர்ம்'. உடற்கூற்று நூலார் இன்னும் கறாரானவர்கள். தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்டதை மட்டுமே அவர்கள் 'ஆர்ம்' என்பார்கள். முழங்கைக்குக் கீழே 'ஃபோர்ஆர்ம்', அதாவது நம் முன்கை. மணிக்கட்டையும் சேர்த்து 27 எலும்புகள் அடங்கிய அந்தக் கடைசிப் பகுதிக்கே 'ஹேண்ட்' என்று பெயர். இருதயத்தின் வலியைச் சுமந்துசெல்லும் நரம்புகளும், மேற்கையின் உட்புறத்து உணர்ச்சியைச் சுமந்துசெல்லும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. வலி எங்கிருந்து வருகிறது என்று மூளைக்கே மயக்கம் உண்டாகிறது. நாமோ அதன்மேல் இன்னொரு மயக்கத்தை ஏற்றிவைத்தோம்.

ஹிந்தியில் 'ஹாத்' என்று சொல்லியிருந்தாலும் பாதகமில்லை. பேச்சுவழக்கில் அதுவும் நம் கையைப் போல நீளமானது. எந்த இடத்தில் என்றாவது மருத்துவர் கேட்டிருப்பார். காலிலும் இதே இடர் உண்டு. பாதத்தில் செருப்புக் கடித்தாலும், முழங்காலில் வாதம் பிடித்தாலும், நாம் 'லெக்' என்றே முறையிடுகிறோம்! அன்றுமுதல், பிறருக்காக மருத்துவரிடம் பேச நேரும்போதெல்லாம், வாய் திறக்குமுன் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லிவிடுகிறோம்.

உடலில் இவ்வளவு குறுகிய இந்த 'ஹேண்ட்', உடலைவிட்டு வெளியேறியதும் விசுவரூபம் எடுக்கிறது. கடிகாரத்தின் முள் 'ஹேண்ட்'. சீட்டாட்டத்தில் நமக்கு விழுந்த சீட்டுகள் 'ஹேண்ட்'. குதிரையின் உயரத்தை அளக்கும் 4 அங்குலமும் 'ஹேண்ட்'. கையெழுத்தும் அதுவே. 'ஷார்ட்ஹேண்ட்' என்பதில் உள்ள 'ஹேண்ட்' இந்தக் கையெழுத்துத்தான். ஐஸக் பிட்மன் 1837ஆம் ஆண்டில் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையைக் கற்று, அதையே மூலதனமாகக் கொண்டு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் ரயிலேறியவர்கள் நம் முந்தைய தலைமுறையில் எத்தனையோ பேர். அந்தச் சொல்லின் ஈற்றில் ஓர் ஒலி கூடி 'ஷார்ட்ஹேண்டட்' என்றாகிவிட்டாலோ, வேலைக்கு ஆள் போதவில்லை என்று பொருள். சுருக்கெழுத்தில் தேர்ந்தவர் என்பதற்காகத் தம்மை 'ஷார்ட்ஹேண்டட்' என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்ட அன்பர் ஒருவரை அறிவோம். வேலை கிடைத்துவிட்டது, தட்டச்சு நன்றாக இருந்ததாம்.

ஆளையே கை என்று அழைக்கும் வழக்கு மட்டும் நமக்கு உவப்பானதன்று. கப்பலில் 'டெக்ஹேண்ட்', பஞ்சாலையில் 'மில்ஹேண்ட்'. சார்லஸ் டிக்கன்ஸ் 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹார்ட் டைம்ஸ்' என்ற நாவலில், ஆலைத் தொழிலாளரைக் கைகள் என்றே குறிக்கும் நகரம் ஒன்றைக் காட்டி, அந்தப் பெயரை எள்ளி நகையாடுகிறார். அதே 1854இல்தான் காவஸ்ஜி தாவர் பம்பாயின் முதல் பஞ்சாலைக்கான நிறுவனத்தைத் தொடங்கினார். ஆலைகள் பெருகின, 'மில்ஹேண்ட்' என்ற சொல்லும் இந்நகரில் வழங்கலாயிற்று. பகலெல்லாம் தறியருகே நின்று, இரவில் ஒற்றை அறைக் குடியிருப்பில் பலரோடு படுத்துறங்கி, மீந்ததை ஊருக்குப் பணவிடையில் அனுப்பிய மனிதனை அப்பெயர் மணிக்கட்டோடு வெட்டி எடுத்துக்கொண்டது.

தமிழில் 'கையாள்' என்ற சொல் உண்டே என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு, இன்று அதற்கு நல்ல பெயர் இல்லைதான். ஆயினும் கையோடு ஆளையும் சேர்த்தே அது சொல்கிறது. மும்பையின் பஞ்சாலைகளில் பெரும்பாலானவை 1982ஆம் ஆண்டில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்நகரில் 'மில்ஹேண்ட்' என்ற சொல்லைக் கேட்பதும் அருகிவிட்டது.